எந்த ஏணிக்காரர்?

— பேரைத் திரும்பச் சொல்லுங்க சார். காதுல சரியா விழல.

— ஏணிக்காரர். படத்துக்குக் கீழ அந்த ஒரு பேர் போதும். எங்க அப்பாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

— ஏணிக்காரரா?

— ஆமா. ஏன், எழுதக் கஷ்டமான பேரா? உங்க கடை போர்டுலயே அத்தாப்பெருசா எழுதியிருக்கே, ஏணிக்காரர் படச்சட்டக் கடைன்னு.

— அது வந்து சார், போர்டுல இருக்கிறது எங்க குடும்பப் பேரு.

— எங்களுக்கும் அது குடும்பப் பேருதான். பஸ்ஸை விட்டு இறங்கினேன், போர்டு கண்ணுல பட்டுச்சு. நம்ம பேரா இருக்கேன்னு உள்ள வந்துட்டேன். தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு இந்தப் பேர் எப்படி வந்துச்சு?

— ஏங்க! முன்னாடி யார்கூட கதை பேசிட்டு இருக்கீங்க? சாயங்காலம் பில்டர் கையெழுத்து வாங்க வர்றாரு. மாடியில ஒரு சாமான்கூட இன்னும் கட்டி முடிக்கல.

— கஸ்டமர்டி. அவங்க அப்பா படத்துக்குச் சட்டம் போட வந்திருக்கார். அது வந்து, இவரும் ஏணிக்காரராம்.

— யாராம்?

— வணக்கம்மா. நானும் ஏணிக்காரன்தான். வெளியூரு.

— வணக்கம், வணக்கம். இந்த ஊருல தடுக்கி விழுந்தா ஒரு ஏணிக்காரர் மேலதான் சார் விழணும். பல் டாக்டர் ஏணிக்காரர், டிரைவிங் ஸ்கூல் ஏணிக்காரர். போன வருஷம் ஒருத்தன் சலூன் திறந்தான், அதுக்கும் இதே பேர். ஏம்ப்பா, உனக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ராசியான பேரு, மேல ஏத்திவிடும்னு சிரிக்கிறான். பேருக்குப் பூட்டா போட முடியும்?

— எங்க ஊர்ல நாங்க மட்டும்தாம்மா. அதான் ஆசையா இருந்துச்சு. இதுக்கு என்ன அர்த்தம் சொல்வீங்க இங்க?

— சொல்லப்போனா சார், அது பெரிய கதை. எங்க தாத்தா காலத்துல பஞ்சு மில்லு ஒண்ணு தீப்பிடிச்சுச்சு. மாடியில மாட்டிக்கிட்டவங்களை ஏணி போட்டு ஒத்த ஆளா இறக்கினாரு. அந்த ஏணி தீயில கருகிப் போச்சு, பேரு மட்டும் மிச்சம். இந்த வீட்டைக் கட்டினதும் அவருதான்.

— இவரு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. படத்தைக் காட்டுங்க சார். அளவு பாத்துச் சொல்லிடறோம்.

— இந்தாங்கம்மா. ஓரம் மடங்கியிருக்கு, பாத்து எடுங்க. அப்பா போயி ஆறு மாசம் ஆச்சு. இந்த ஒரு படம்தான் இருக்கு.

— ஏங்க, இங்க பாருங்க. எந்தச் சட்டம் சரியா வரும்? ஏங்க? உங்களைத்தான்.

— ஆங்? இல்ல... பாத்துட்டுதான் இருக்கேன்.

— ஏன் தம்பி, தெரிஞ்ச முகமா?

— இல்ல சார். தெரியாது. படம் மங்கலா இருக்கு, அதான்.

— ஏங்க, உள்ள வந்து இந்தக் கண்ணாடியைப் பிடிங்க. என்னால ஒத்தையா தூக்க முடியல. சார், நீங்க உக்காருங்க, இதோ வந்துடறோம்.

— என்னடி, எந்தக் கண்ணாடி?

— கண்ணாடியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கதவைச் சாத்துங்க. இந்தா பாருங்க, உங்க மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப் போச்சு?

— மெதுவாப் பேசு, காதுல விழுந்துடப் போகுது. அந்தப் படத்துல இருக்கிறவரையும் எங்க அப்பாவையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சா, இரட்டைப் பிள்ளைன்னு சொல்வாங்க. அதே காது, அதே மூக்கு. அது எங்க பெரியப்பாடி.

— எந்தப் பெரியப்பா? சின்ன வயசுலேயே செத்துப்போயிட்டாருன்னு மாமா சொல்வாரே, அவரா?

— செத்துட்டாருன்னு அப்பா சொன்னாரு. ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டை, இவர் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டாருன்னு அத்தை ஒரு தடவை உளறுச்சு. அப்பா அன்னைக்கு அத்தையை அடிக்கவே போயிட்டாரு. நானும் அதுக்கப்புறம் கேக்கல.

— அப்போ முன்னாடி உக்காந்திருக்கிறது?

— பெரியப்பா மகன். எனக்கு அண்ணன்.

— அண்ணன்! இத்தனை வருஷம் இல்லாத அண்ணன், வீட்டை விக்கிறதுக்குக் கையெழுத்துப் போடற அன்னைக்குப் பாத்து பஸ் ஏறி வந்துட்டாரா? எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க யார்கிட்டயாவது வாயை விட்டீங்களா?

— நான் ஏன்டி சொல்லப்போறேன்? உன் அக்காகிட்ட நீதான் போன்ல மணிக்கணக்கா பேசினே.

— என் அக்கா வாய் தொறக்க மாட்டா. சரி, இப்ப அதை விடுங்க. அவருக்கு இந்த வீட்டுல பங்கு இருக்கா?

— தாத்தா கட்டின வீடு. தாத்தாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. நீயே கணக்குப் போட்டுக்க.

— நான் போட மாட்டேன். நீங்களும் போடாதீங்க. இந்த விரிஞ்ச சுவத்துக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு இருந்தது நானு. மாமா படுக்கையில கிடந்தப்போ பாத்துக்கிட்டது நானு. அப்ப எந்த அண்ணன் வந்தாரு? இந்தா பாருங்க, மூக்கும் காதும் ஒண்ணா இருக்குன்னு எவனும் பங்கு கொடுக்க மாட்டான். அவருக்குப் பிடிச்சுக்க இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான். அதை நாம விட்டுட்டா, அவர் எதைப் பிடிப்பாரு?

— பேரை எப்படிடி விடறது? இப்பத்தானே தாத்தா, தீ, மில்லுன்னு அளந்துட்டு வந்தேன்.

— அளந்த வாயாலேயே சுருட்டிக்கங்க. வாங்க, நான் ஆரம்பிக்கிறேன், நீங்க ஆமா போடுங்க. போதும்.

— கண்ணாடி கனமோ? ரொம்ப நேரம் பிடிச்சுச்சே.

— கண்ணாடியில கீறல் சார், வேற வெட்டணும். சார், உங்களைப் பாத்தா நல்ல மனுஷரா தெரியுது. உங்ககிட்டப் பொய் சொல்ல மனசு வரல. இந்த ஏணிக்காரர்ங்கிறது எங்க பேரே கிடையாது.

— அப்படியா?

— அது வந்து, ஆமா சார்.

— இப்பத்தானே தாத்தா மில்லுத் தீயில இறங்கினாரு?

— அதெல்லாம் கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்ற கதை சார், விளம்பரம் மாதிரி. இந்த இடத்துல முன்னாடி ஒருத்தர் ஏணி வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தாரு. பெயின்ட் அடிக்கிறவங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. அவர்கிட்டேர்ந்து மாமா இடத்தை வாங்கினாரு. ஆளு போயிட்டாரு, பேரு போகல. நாங்களும் எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டோம்.

— அப்போ இந்த வீட்டைத் தாத்தா கட்டல?

— தாத்தாவா? சொல்லப்போனா... தாத்தா இந்த ஊரே கிடையாது சார்.

— சரி, சரி. அந்த ஏணி வாடகைக்காரர் எங்க போனாரோ?

— யாருக்குத் தெரியும்? போய்ச் சேந்திருப்பாரு. எந்தச் சட்டம் பிடிச்சிருக்கு, சொல்லுங்க.

— அதோ, மேல் தட்டுல கறுப்பா ஒண்ணு இருக்கே, அதை எடுத்துக் காட்டுங்க தம்பி.

— இவளே, அதை எடு.

— ஏன், நீங்க நல்ல உயரமா இருக்கீங்களே? ஸ்டூல் பக்கத்துலதான் கிடக்கு.

— எனக்கு முழங்கால் வலி சார்.

— முழங்காலா! நாற்காலி மேல ஏறினாலே இவருக்குத் தலை சுத்தும் சார். இந்தக் கடையில பல்பு மாத்தறதுலேர்ந்து போர்டு மாட்டினது வரைக்கும் நான்தான். நல்லவேளை, பையன் என்னை மாதிரி. அதோ, சுவத்துல இருக்கான் பாருங்க, மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். மேல ஏறி உக்காந்தா கப்பலெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரியுமாம்.

— அடேயப்பா. அடிக்கடி வருவாரா?

— எங்க சார்? மூணு மாசமா வீட்டுப் பக்கமே தலை காட்டல. கேட்டா வேலைங்கிறான். போன் பண்ணலாம்னா, போனைக் கீழ வச்சுட்டுத்தான் மேல ஏறணுமாம். என்ன வேலையோ, யாரோட வேலையோ.

— இவளே, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— தப்பா நினைக்காதீங்க தம்பி. எனக்கும் உயரம்னா ஆகாது. எங்க அப்பாவுக்கும் ஆகாது. தாத்தாவுக்கு அதனாலதான் இந்தப் பேரே வந்துச்சு.

— அப்படியா சார்?

— ஊருல ஒரு தண்ணித் தொட்டி இருந்துச்சாம். தாத்தா வாலிபத்துல யாரோடயோ பந்தயம் கட்டி, ஏணி போட்டு அது மேல ஏறிட்டாரு. ஏறினவருக்குக் கீழ பாத்ததும் கை கால் வெலவெலத்துப் போச்சு. இறங்க வரல. ஊரே கீழ கூடி நிக்குது. கடைசியில நாலு பேர் ஏறி, மூட்டை மாதிரி கயித்துல கட்டி இறக்கினாங்க. அன்னையிலேர்ந்து கேலியா ஏணிக்காரன், ஏணிக்காரன்னு...

— பந்தயம் இல்ல, புறா பிடிக்க.

— என்ன சொன்னீங்க?

— இல்ல... ஒண்ணும் சொல்லல.

— புறான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

— இந்தா பாருங்க சார், அது ஊர்ல எல்லாரும் சொல்ற பழங்கதை. அந்த ஏணி வாடகைக்காரரைப் பத்தி. இவருக்கு எங்கயாவது வாயை நுழைக்கணும். கறுப்புச் சட்டம் இதுதான், பிடிங்க.

— ஏணி வாடகைக்கு விடறவருக்கு உயரம்னா பயமாம்மா?

— அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?

— சும்மா கேட்டேன். எங்க வீட்டுல இந்தக் கதையை வெளிய சொல்ல மாட்டாங்க. மானக்கேடுன்னு. யார் கேட்டாலும் தாத்தா தீயில குதிச்சாரு, வெள்ளத்துல குதிச்சாருன்னு ஏதாவது ஒண்ணு சொல்லணும். புறா சமாச்சாரம் வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு அப்பா சொல்வாரு.

— எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சார் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், வீட்டுக்காரனுக்கு மட்டும்தான் ரகசியம்.

— இருக்கலாம்மா. அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தாரு. பிடிச்ச பொண்ணைக் கட்டிக்கிறேன்னு சொன்னதுக்கு அப்பாவை வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. அப்ப தம்பி ஒரு வார்த்தை பேசல. அது போகட்டும். அப்புறம் வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அண்ணன் செத்துட்டான்னு சொல்லிட்டாராம். அப்பாவுக்கு அதுதான் ஆறல. உயிரோட இருக்கிறவனைச் செத்துட்டான்னு சொல்லிட்டானேடா என் தம்பின்னு, கடைசி மூச்சு வரைக்கும் அதே புலம்பல்.

— அது வந்து சார்... படத்தோட அளவைக் குறிச்சுக்கறேன்.

— என்ன தம்பி, கண்ணெல்லாம் கலங்குது?

— கண்ணாடித் தூள் சார். வெட்டும்போது பறக்கும்.

— இன்னும் வெட்டவே ஆரம்பிக்கலையே. நேராவே கேட்டுடறேன், கோவிச்சுக்காதீங்க. நாம ரெண்டு பேரும் சொந்தமா?

— அது வந்து...

— இல்ல சார். சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. பேர் ஒண்ணா இருந்தா சொந்தமாயிடுமா? அந்தச் சலூன்காரன் எங்களுக்குச் சொந்தமா?

— அம்மா, நீங்க சொல்லிட்டீங்க. தம்பி வாயாலயும் ஒரு தடவை கேட்டுக்கிறேன்.

— இல்ல சார். நீங்க யாரோ, நாங்க யாரோ.

— நிச்சயமா?

— எத்தனை தடவை சார் கேப்பீங்க? என் பிள்ளை மேல சத்தியம். போதுமா?

— அய்யோ, சத்தியமெல்லாம் எதுக்கும்மா? இருந்தாலும் இப்பத்தான் மனசு லேசாச்சு. அடேயப்பா! ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. பஸ்ல வரும்போதுகூட, சொந்தமா இருந்துடக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு வந்தேன்.

— என்ன சார் சொல்றீங்க? சொந்தமா இருந்துடக்கூடாதா?

— பின்ன? நீங்க பங்காளியா இருந்தா என் பொண்ணு கதி என்ன ஆறது? அந்த மஞ்சத் தொப்பித் தம்பியை எனக்கு முன்னாடியே தெரியும்மா. என் பொண்ணும் துறைமுகத்துலதான் வேலை பாக்கறா, ஆபீஸ்ல. ரெண்டு பேரும் மனசைக் கொடுத்துட்டாங்க. மூணு மாசமா வீட்டுப் பக்கம் வரலன்னீங்களே, எங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு. உங்ககிட்டச் சொல்லப் பயம்.

— என் பையனா?

— நல்ல பிள்ளை. எனக்கு இருந்த ஒரே உறுத்தல் இந்தப் பேர்தான். அவரும் ஏணிக்காரர், நாங்களும் ஏணிக்காரர். பங்காளியா இருந்தா அதுங்க அண்ணன் தங்கச்சி ஆகிடுமே. கல்யாணத்தை நினைச்சுப் பாக்க முடியுமா? அதான் நேர்ல வந்து விசாரிச்சுடலாம்னு கிளம்பினேன். நீங்க சத்தியமே பண்ணிட்டீங்க.

— சார், கொஞ்சம் இருங்க. இதெல்லாம் திடீர்னு...

— திடீர்னு இல்ல தம்பி, நாளைக்குக் காலையில பதிவு பண்ண ஏற்கெனவே நேரம் வாங்கிட்டாங்க. சொந்தம்னு தெரிஞ்சா நிறுத்திடலாம்னு இருந்தேன். இப்ப ஒரு தடையும் இல்ல. படத்தை நாளைக்கு அங்கேயே கொண்டுவந்து கொடுத்துடுங்க, என்ன? நான் பஸ்ஸைப் பிடிக்கணும். வர்றேன் சம்பந்தி. வர்றேம்மா.

— போயிட்டாரு. அவனுக்குப் போன் போடு, சீக்கிரம்.

— போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எடுக்க மாட்டேங்கறான். மேல இருப்பான், பாவி. போனைக் கீழ வச்சிருப்பான்.

— இந்த ஆளு சொல்றது நிஜமா இருக்குமாடி?

— எனக்கு எப்படித் தெரியும்? போன தடவை பேசும்போது பக்கத்துல ஒரு பொண்ணு சிரிச்சுச்சு. யாருடான்னு கேட்டா டீவிங்கறான். அப்பவே எனக்குச் சந்தேகம்தான். ஏங்க, நிஜமாவே இருந்தா?

— அண்ணன் பொண்ணுடி. என் அண்ணன் பொண்ணு. அவனுக்குத் தங்கச்சி முறை.

— தெரியுது, சும்மா சும்மா சொல்லாதீங்க. மெதுவா பையன்கிட்ட மட்டும் சொல்லி நிறுத்தினா? அவருக்குத் தெரியாம?

— பையன் ஏன்னு கேப்பான், அந்தப் பொண்ணுகிட்டச் சொல்வான், அது அப்பன்கிட்டச் சொல்லும். முழுப் பூசணிக்காயை எத்தனை தட்டு சோத்துல மறைப்ப? ராத்திரி வரைக்கும் போனே எடுக்கலன்னா? காலையில பதிவுங்கறாரு.

— இப்பக் கூப்பிட்டா வீடு போச்சு.

— பாதி.

— பாதி போனா முழுசும் போன மாதிரிதான். பில்டர் சாயங்காலம் வந்து, பங்காளி யாரு, கையெழுத்து எங்கன்னு கேப்பான்.

— அப்போ விட்டுடலாமா? சொல்லு. நீ சொல்றதைக் கேக்கறேன். நான் எப்பவும் அதைத்தானே பண்றேன்.

— என் பிள்ளை மேல சத்தியம் பண்ணிட்டேனே. ஒரு வீட்டுக்காக என் பிள்ளை மேல கை வச்சு... என்ன பொம்பளை நானு! ஏங்க, அங்க பாருங்க, ரோட்டைத் தாண்டப் போறாரு. மரம் மாதிரி நிக்காதீங்க. ஓடுங்க!

— சார்! சார்!... அண்ணே! அண்ணே, நில்லுங்க அண்ணே!

— என்ன சம்பந்தி, இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றீங்க?

— அப்படிக் கூப்பிடாதீங்க அண்ணே. நான் உங்க தம்பி. நாங்க சொன்னது அத்தனையும் பொய். அந்த வீட்டைத் தாத்தாதான் கட்டினாரு. புறா பிடிக்கத்தான் ஏறினாரு. படத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

— படத்துல இருக்கிறது யாரு?

— என் பெரியப்பா.

— இன்னொரு தடவை சொல்லு.

— என் பெரியப்பா. எங்க அப்பாவோட கூடப் பிறந்த அண்ணன். செத்துட்டாருன்னு எங்க அப்பா சொன்னது பொய். நானும் அதைத் தோண்டிப் பாக்கல. அந்தப் பொய் எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு.

— சார்... அண்ணே, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். இவரைக் குத்தம் சொல்லாதீங்க. வீட்டுல பாதியை எடுத்துக்கங்க, சாயங்காலம் பில்டர் வரும்போது நீங்களும் பக்கத்துலயே உக்காருங்க. படத்துக்குக் கீழ என் கையால பேர் எழுதித் தர்றேன். அந்தக் கல்யாணத்தை மட்டும் நிறுத்திடுங்க. அதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி.

— அழாதம்மா. அப்பாவைத்தான் யாரும் எங்க ஆளுன்னு சொல்லல. நீங்க ரெண்டு பேரும் நடுரோட்டுல நின்னு சொல்லிட்டீங்க. இது போதும் எனக்கு.

— பொண்ணுகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க அண்ணே. பாவம், அது மனசு என்ன பாடுபடுமோ.

— எந்தப் பொண்ணு தம்பி? எனக்குக் கல்யாணமே ஆகல.